பத்து நிமிட அமைதி

எங்கள் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ‘எப்படித்தெரியும் மேடம்’. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி அதுதான். “இன்னிக்கு வெயில் ஜாஸ்தி மேடம்” என்று வழியில் ஒருவன் மரியாதைக்குச் சொல்லிவைத்தால்கூட, “எப்படித் தெரியும்? நேத்து எவ்வளவு இருந்துச்சு?” என்பார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். கேட்கப்பட்டவன் நெளிவான். எனக்கு அந்தக் கஷ்டம் வந்ததில்லை. அவர் முன்னால் நான் வாயே திறப்பதில்லை.

இதைச் சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், பக்கத்தில் நிற்பவரின் மருமகன் என்ன வேலை பார்க்கிறான் என்பதுவரை கறந்துவிடுகிற ஆள் நான். ஆனால் பேராசிரியர் நடக்கும்போதுகூடப் படிப்பவர். படிக்கிறவரிடமும் வேலை செய்கிறவரிடமும் போய்ப் பேச்சுக் கொடுப்பது பாவம் என்று நினைப்பவன் நான். ஆகவே பதினோரு வருடம் எங்களுக்குள் நடந்த பேச்சையெல்லாம் எழுதினால் ஒரே தாளில் அடங்கி இடமும் மிச்சமிருக்கும். “எத்தனை பேர் வந்தாங்க?” “ஆறு பேர் மேடம்.” “தாளெல்லாம்?” “மேசை மேல மேடம்.” அவ்வளவுதான்.

நான் அவருடைய ஆய்வகத்தின் பணியாளர். கதவில் ‘கவனம், புலனுணர்வு, நினைவாற்றல் ஆய்வகம்’ என்று பலகை தொங்கும். பலகைதான் நீளம், ஆய்வகம் இரண்டே அறை. முதல் அறையில் ஒரு திரை, ஒரு நாற்காலி, மோவாயை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. எல்லோரும் ஒரே தூரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக நாற்காலியின் நான்கு கால்களுக்கும் தரையில் நான்கு பெயின்ட் புள்ளிகள். இரண்டாவது அறை அதைவிட மொட்டை. வெள்ளைச் சுவர், நாற்காலி, சின்ன மேசை. சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, அதுவும் டிக் டிக் என்று கவனத்தைக் கலைக்கிறது என்று பேராசிரியர் கழற்றச் சொல்லிவிட்டார்.

நடப்பது இதுதான். வருகிறவர் முதல் அறையில் உட்கார்ந்து நான்கு நிமிடப் படம் ஒன்றைப் பார்ப்பார். பிறகு நான் ஓர் உறையை நீட்டுவேன். உறைக்குள் இருக்கும் சீட்டில் ‘அமைதி’ என்று வந்தால், இரண்டாவது அறையில் பத்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். ‘புதிர்’ என்று வந்தால், அதே அறையில் பத்து நிமிடம் எண் புதிர்களைப் போட வேண்டும். அதன் பிறகு இருவருக்கும் படத்தைப் பற்றி நாற்பது கேள்விகள். குடை என்ன நிறம், சைக்கிள் எந்தப் பக்கம் சாய்ந்தது, அப்படி.

படத்தை நாங்களே பக்கத்துக் கடைத்தெருவில் எடுத்தோம். ஒரு பெண் குடையை மறந்துவிட்டுப் போவாள். ஒரு சைக்கிள் தானாகச் சாயும். ஒரு பெரியவர் இரண்டு முறை கடைக்குள் போவார், ஒரு முறைதான் வெளியே வருவார். பச்சைச் சட்டை போட்ட ஒருவன் தோளில் இருந்த வெங்காய மூட்டையைத் தவறவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பச்சைச் சட்டை நான்தான். நடிக்க வரச் சொன்ன ஆள் வரவில்லை, பேராசிரியர் என்னைப் பார்த்து, “நீங்க போங்க” என்று கையைக் காட்டினார். பதினொரு நொடி வருகிறேன். முகம் நன்றாகவே தெரியும்.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் என்னைப் பார்த்த கையோடு அவர்கள் கதவைத் திறப்பார்கள், எதிரே நான் சதையும் ரத்தமுமாக நிற்பேன். அறுநூறு பேருக்கு மேல் வந்தார்கள். ஒன்பது பேர்தான், “அட, படத்துல வந்தது நீங்கதானே!” என்றார்கள். மற்றவர்களுக்கு நான் உறை நீட்டும் கை. இதைப் பேராசிரியரிடம் ஒருநாள் எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை, துள்ளாத குறைதான். “அறுநூறுல ஒன்பதா! கண்ணு பாக்குது, கவனம் வேற எங்கேயோ இருக்கு, பாருங்க!” என்று சொல்லிக் கையிலிருந்த தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார். என் மானம் அவருக்கு ஒரு புள்ளிவிவரம்.

அவருக்கு இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று அவர் கணவர்தான் எனக்குச் சொன்னார். பேராசிரியரின் அப்பா ஒரு பெரிய ரயில் நிலையத்தில் தொலைந்துபோன பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்டரில் இருந்தவர். பள்ளி விட்டதும் மகள் அங்கே வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வருகிறவர்கள் தங்கள் சொந்தப் பையையே தப்பாகச் சொல்வார்கள். “கறுப்புப் பை, ரெண்டு பக்கமும் ஜிப்பு” என்று அடித்துச் சொல்வார் ஒருவர். பை பழுப்பாக இருக்கும், ஜிப்பே இருக்காது, உள்ளே அவருடைய அடையாள அட்டை இருக்கும். பத்து வருடம் தோளில் மாட்டிய பை! பொய் சொல்ல அவருக்கு என்ன அவசியம்? அந்தக் கேள்வியை அந்தச் சிறுமி பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போனவள்தான், பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை. படித்தாள், பட்டம் வாங்கினாள், பேராசிரியர் ஆனாள்.

வீட்டில் நிலைமை வேறு. மூன்றாவது மாடியில் அவர்கள் குடியிருப்பு. கணவர் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பற்கள் செய்து கொடுப்பவர், முன்னறையே அவருடைய பட்டறை. “ஊர்ல உள்ளவங்க ஞாபகமெல்லாம் இவ கையில, வீட்டுச் சாவி மட்டும் என் கையில” என்பார். பேராசிரியர் ஒரு வருடத்தில் நான்கு குடை தொலைத்தவர். அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் அவருக்குக் கோபமே வராது. “என் ஞாபகம் மோசம்னு எனக்குத் தெரியும். உங்களுதும் மோசம், அது உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்” என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

அந்தத் தைரியம் எல்லாவற்றிலும் இருந்தது. ஆய்வில் ஒரு கண்டிப்பான விதி வைத்திருந்தார்: ஆள் வந்திருக்கும்போது அவர் அந்த அறைகளின் பக்கமே வரக் கூடாது. “எனக்கு இந்த முடிவுதான் வரணும்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசை இருக்கும். அது என் முகத்துல தெரியும். வர்றவங்க அதைப் பாத்துட்டு எனக்கேத்த மாதிரி நடந்துக்குவாங்க. நான் வந்தா ஆய்வு கெட்டுடும்” என்றார் முதல் நாளே. ஆகவே எல்லாம் என் கையில். எனக்கு வழிகாட்டச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. புதிர் போடுபவருக்கு எந்த இடையூறும் செய்யக் கூடாது என்று அதில் கோடிட்டு எழுதியிருந்தது. அமைதிக்காரர் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

முடிவு பளிச்சென்று வந்தது. புதிர் போட்டவர்கள் நாற்பதில் சராசரியாக இருபத்தொன்று சரியாகச் சொன்னார்கள். அமைதியாக உட்கார்ந்தவர்கள் இருபத்தொன்பது. ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம் இல்லை, பதினோரு வருடமும் இதேதான். பார்த்ததை மனம் அடுக்கி வைக்கக் கொஞ்சம் அமைதி வேண்டும் என்று பேராசிரியர் எழுதினார். பாடப் புத்தகங்களில் அது ஏறியது. ‘பத்து நிமிட அமைதி’ என்றாலே அவர் பெயர்தான் என்று ஆனது. கடைசியில் போக்குவரத்துத் துறையே வந்து கதவைத் தட்டியது. இனி ஒரு பேருந்து விபத்தில் மாட்டினால், ஓட்டுநரைப் பணிமனையில் ஒரு தனி அறையில் பத்து நிமிடம் யாரும் பேசாமல் உட்கார வைத்து, அதன் பிறகுதான் வாக்குமூலம் எழுதச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வரப் போகிறது. ஆறு பணிமனைகளில் அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, கையேடு அச்சாகிவிட்டது. பேராசிரியர் கூட்டத்தில் வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டால் விதி நடைமுறைக்கு வந்துவிடும்.

அந்தக் கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே ஆய்வை, இதே படத்தை வாங்கிக்கொண்டு போய், இருநூறு பேரை வைத்து இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறார்கள். அமைதிக்கும் இருபத்தொன்று, புதிருக்கும் இருபத்தொன்று. வித்தியாசமே இல்லை.

வேறு யாராவது என்றால் கடிதத்தைக் கிழித்திருப்பார்கள், இல்லை சண்டைக்குப் போயிருப்பார்கள். இவர், “எங்க அறைக்கே வந்து, எங்க ஆளை வெச்சே செஞ்சு பாருங்க” என்று பதில் போட்டார். வந்தாள் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், கழுத்தில் நிறுத்துக் கடிகாரம். நான் அவளுக்குக் கடிகாரக்காரி என்று பெயர் வைத்தேன். பேச்சில் தேன், பார்வையில் கத்தரிக்கோல். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் உறையை எந்தக் கையால் நீட்டுகிறேன் என்பதைக்கூட எழுதிக்கொண்டாள். நான் ராணுவச் சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நின்று, தாளில் உள்ளபடி அட்சரம் பிசகாமல் எல்லாம் செய்தேன். நாற்பது பேர் வந்து போனார்கள்.

இருபத்தொன்று. இருபத்தொன்று.

பேராசிரியர் தாளை மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிகாரக்காரி மெதுவாக, “மேடம், பழைய தாள்களை எல்லாம் பாக்கலாமா? மூலத் தாள்கள்” என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் பூனைக்குக்கூடத் தெரியும். எண்களை நீயே எழுதிக்கொண்டாயா என்று கேட்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த முக்காலியை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். பேராசிரியர் பீரோ சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “அறுநூத்திப் பன்னெண்டு தாள் இருக்கு. பொறுமையா பாருங்க. நான் ஒண்ணையும் மாத்தல. ஆனா ஏதோ ஒண்ணு நடந்திருக்கு, அது என்னன்னு எனக்கும் தெரியணும்” என்றார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. சாவியைத் தேட அவர் பையைக் கவிழ்க்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

அதற்குள் தாழ்வாரத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் என்றார்கள். இத்தனை வருடம் அவரிடம் கைகட்டி நின்றவர்களே சொன்னார்கள்.

அந்த வார விடுமுறையில் நான் வீட்டில் உட்கார்ந்து என் மனைவியிடம் இந்த அநியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். காலர் ஒன்றைத் திருப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தினாள்.

“ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா? இந்த ரெண்டு வாரமா ஏன் இப்படிப் பேசறீங்க?”

“எப்படிப் பேசறேன்?”

“எப்பவும் வேலையிலிருந்து வந்தா ஒரு மணி நேரமாச்சும் வாய் ஓஞ்சு கெடக்கும். இப்ப செருப்பைக் கழட்டறதுக்குள்ள ஆரம்பிச்சிடறீங்க. அங்க பேச ஆளே கெடைக்கலையா?”

“எங்க கெடைக்குது? அந்தக் கடிகாரக்காரி முக்காலி போட்டு உக்காந்திருக்கா. வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை பேச முடியுதா…”

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை, என் வாயால் அவரைக் கெடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஏழரைக்குப் பேராசிரியர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு கையில் பல் செட்டுக்கு அச்செடுத்த பிளாஸ்டர் தாடையோடு கணவர் திறந்தார். பேராசிரியர் சாப்பாட்டு மேசையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

“மேடம், சும்மா உக்காந்திருக்கவங்ககிட்ட நான் பேசுவேன்.”

வெண்ணெய்க் கத்தி அப்படியே நின்றது. “யார்கிட்ட?”

“அமைதின்னு சீட்டு வர்றவங்ககிட்ட. தனியா சுவரைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க, பாவமா இருக்கும். கதவைத் தொறந்து தலையை நீட்டுவேன். படம் எப்படி இருந்துச்சுன்னு கேப்பேன்.”

“அப்புறம்?”

“தெரிஞ்ச முகம் ஏதாச்சும் வந்துச்சான்னு கேப்பேன்.”

“எதுக்கு அதைக் கேட்டீங்க?”

இதுதான் கஷ்டமான இடம். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “என்னைக் கண்டுபிடிக்கிறாங்களான்னு பாக்கத்தான் மேடம்.”

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாடையால் வாயை மறைத்துக்கொண்டார். பேராசிரியர் சிரிக்கவில்லை. “அவங்க என்ன பண்ணுவாங்க?”

“யோசிப்பாங்க. மொதல்லேர்ந்து ஒவ்வொண்ணா சொல்லிப் பாப்பாங்க. ஒரு பொண்ணு வந்துச்சு, குடையை விட்டுச்சு, அப்புறம் சைக்கிள்னு… கடைசியில தெரியலேன்னு சொல்வாங்க.”

“புதிர் போடறவங்ககிட்ட?”

“ஐயோ, அவங்க வேலையா இருப்பாங்களே. அவங்களைப் போய்த் தொந்தரவு பண்ணலாமா?”

“அமைதிக்காரங்கள்ல பத்துப் பேருக்கு எத்தனை பேர்கிட்ட பேசியிருப்பீங்க?”

“ரெண்டு, மூணு பேர் இருக்கும்.”

“எப்படித் தெரியும்?”

அன்றைக்கு நான் நெளிந்தேன்.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். படத்தைப் பார்த்ததும் அதை வாயால் ஒரு தடவை இன்னொருவருக்குச் சொன்னவர்களுக்குத்தான் அது மனதில் நின்றிருக்கிறது. அமைதிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, அவருக்கும்தான். கணவர் மெதுவாகத் தாடையை மேசையில் வைத்தார். “இது இப்ப நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்” என்றார்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன், பொய் சொல்வானேன்? “நான் வெளிய மூச்சு விட மாட்டேன் மேடம். அந்தப் பொண்ணு தாளைப் பாத்துட்டுப் போகட்டும். அதுல ஒண்ணும் தப்பு கெடைக்காது.”

பேராசிரியர் திரும்பினார். “அந்த டிரைவருக்கு என்ன பதில் சொல்றது?”

“எந்த டிரைவருக்கு?”

“நாளைக்கு ஒரு பஸ் மோதும். அந்த ஆள் யார்கிட்டயாவது ‘இப்படி ஆச்சு’ன்னு வாய்விட்டுச் சொன்னா அது அவருக்கு ஞாபகம் நிக்கும். நான் அவர் வாயை மூடி, ஒரு வெள்ளைச் சுவர் முன்னாடி உக்கார வெச்சு, அவருக்குத் தெரிஞ்சதையும் மறக்க வைக்கப் போறேன். அவர் மேல தப்பே இல்லேன்னாலும் அதைச் சொல்ல அவருக்கு வார்த்தை இருக்காது.” ரொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பையை எடுத்தார். “உங்க மேல ரொம்பக் கோபமா இருக்கேன். அது இருக்கட்டும், வேலை முடிஞ்சதும் வெச்சுக்கலாம். வாங்க, போகலாம்.”

மூன்று மாடியும் அவர் பின்னால் இறங்கினேன். எனக்கு அழுகை வந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

கடிகாரக்காரியிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். “நான் வேற மாதிரி நினைச்சுட்டேன் மேடம்” என்றாள். “நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். ஆனா இவர் சொல்றதையும் நம்ப வேண்டாம். இவர் ஞாபகத்தை நான் சாட்சியா எடுத்துக்க மாட்டேன். செஞ்சு பாத்துடலாம்” என்றார் பேராசிரியர்.

பன்னிரண்டு நாளில் தொண்ணூறு பேர். முப்பது பேருக்கு உண்மையான அமைதி, முப்பது பேருக்குப் புதிர், முப்பது பேருக்கு நான். எல்லாவற்றையும் கடிகாரக்காரி நடத்தினாள். என் வேலை, இத்தனை வருடம் தலையை நீட்டி என்ன பேசினேனோ அதையே பேசுவது. மேசையடியில் ஒலிப்பதிவுக் கருவி. பேராசிரியர் விதிப்படி அந்தப் பக்கம் வரவில்லை, மாலையில் தன் அறையில் காதில் மாட்டிக்கொண்டு முப்பதையும் ஒன்றுவிடாமல் கேட்டார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அமைதிக்கு இருபத்தொன்று. புதிருக்கு இருபத்தொன்று. எனக்கு முப்பது. பத்துக்கு இரண்டு மூன்று பேரிடம்தான் பேசினேன் என்று நான் சொன்ன கணக்கும் அதிலேயே அடிபட்டுப் போனது. அப்படியென்றால் பழைய சராசரி இருபத்துநான்கைத் தாண்டியிருக்காது, வந்ததோ இருபத்தொன்பது. பதினோரு வருடமும் நான் அநேகமாக யாரையும் விட்டுவைக்கவில்லை.

இன்னொன்றும் வந்தது. என்னோடு பேசியவர்களில் ஏழு பேர், பச்சைச் சட்டைக்காரன் வெங்காயத்தைக் கொட்டினான் என்று எழுதியிருந்தார்கள். “மூட்டையில என்ன இருந்துச்சு?” என்று பேராசிரியர் என்னைக் கேட்டார்.

“வெங்காயம் மேடம். நான்தானே தூக்கினேன்!”

அவர் படத்தைப் போட்டு நிறுத்திக் காட்டினார். தரையில் உருள்வது உருளைக்கிழங்கு. நூற்றுக்கணக்கான முறை அந்தப் படத்தை ஓட்டியவன் நான், தூக்கியதும் நான்தான். என் வாயிலிருந்து போன வெங்காயம் ஏழு பேர் மண்டையில் முளைத்திருக்கிறது. அந்தக் கணம் வரைக்கும், ஞாபகம் தப்புவது ஊரில் உள்ள மற்றவர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இதை எழுதும்போதுகூட முதலில் வெங்காயம் என்றுதான் எழுதியிருக்கிறேன், போய்ப் பாருங்கள்.

பேராசிரியர் ஆய்விதழுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். ‘இந்த முடிவு தவறு, இதை நான் திரும்பப் பெறுகிறேன்’ என்றுதான் அது தொடங்கியது. அனுப்பும் முன் என்னிடம் நீட்டி, “உங்களைப் பத்தி எழுதினது சரியா இருக்கான்னு பாருங்க” என்றார். ஆய்வகப் பணியாளர் பங்கேற்பாளர்களுடன் உரையாடினார் என்று இருந்தது. சரி. அடுத்த வரியில், முதன்மை ஆய்வாளர் இதைப் பதினோரு வருடங்களாகக் கவனிக்கவில்லை என்று இருந்தது.

“மேடம், இந்த வரி வேண்டாமே. பேசினது நான். அதோட நிறுத்திக்கலாமே.”

“நீங்க பேசினது ஒரு வரி. நான் கவனிக்காம விட்டது ஒரு வரி. ரெண்டும் நடந்துச்சு. பாக்காம இருக்கணும்னு விதி போட்டேன், சரி. ஆள் இல்லாத நேரத்துல ஒருநாளாவது உங்களைக் கூப்பிட்டு, ‘உள்ள என்ன பண்றீங்க, சொல்லுங்க’ன்னு கேட்டேனா? யார்கிட்ட வேணும்னாலும் எப்படித் தெரியும்னு கேக்கறேன், உங்ககிட்ட மட்டும் கேக்கல.” உறையை ஒட்டினார். “தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க.”

கூட்ட நாள் வந்தது. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் பளபளவென்று கையேடு. நடுவில் பயிற்சி அதிகாரி, கனத்த மீசை. சுற்றிலும் பணிமனை மேலாளர்கள். நானும் கடிகாரக்காரியும் சுவரோரம் உட்கார்ந்தோம். பேராசிரியர் எழுந்து வணக்கம்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

“இந்தக் கையேட்டுல இருக்கிறது தப்பு. பதினோரு வருஷமா நான் சொன்னது தப்பு. இதை நடைமுறைக்குக் கொண்டுவராதீங்க” என்றார். பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னார். உறை, சீட்டு, சுவர், நீட்டிய தலை, முப்பது, இருபத்தொன்று. ஒரு இடத்தில்கூடக் குரலைத் தாழ்த்தவில்லை.

அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. “ஆறு பணிமனையில அறை தயாரா இருக்கு மேடம். இப்ப வந்து தப்புங்கறீங்க. யாரோட அஜாக்கிரதை இது?”

நான் பாதி எழுந்துவிட்டேன். பேராசிரியர் திரும்பிக்கூடப் பார்க்காமல், உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். “என்னோடது. ஆய்வு என் பேர்ல இருக்கு.”

“அப்ப இனிமே உங்களை எப்படிங்க நம்பறது?”

“போன மாசம் வரைக்கும் நம்பினீங்க. அப்ப நான் தப்பாத்தான் இருந்தேன். இன்னிக்கு நானே வந்து தப்புன்னு சொல்றேன். நம்பறதா இருந்தா இன்னிக்குத்தான் நம்பணும்.”

ஒரு பணிமனை மேலாளர் கையேட்டை மூடித் தள்ளி வைத்தார். பக்கத்தில் இருந்தவரும் மூடினார். அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, “சரி, கட்டின அறையை என்ன பண்றது?” என்றார். குரலில் சூடு இறங்கியிருந்தது.

“இருக்கட்டும். உள்ள இன்னொரு நாற்காலி போடுங்க. டிரைவருக்கு எதிர்ல ஒரு ஆள் உக்காந்து, ‘என்ன ஆச்சு, சொல்லுங்க’ன்னு கேக்கணும். அவ்வளவுதான். எடுத்துக் கொடுக்கக் கூடாது, குறுக்க பேசக் கூடாது. நாங்க செஞ்சு பாத்து, சரியா வந்தா எழுதித் தர்றோம். வரலேன்னா அதையும் வந்து சொல்றோம்.”

அதிகாரி சுவரோரம் இருந்த என்னைப் பார்த்தார். இப்போது சிரித்துவிட்டார். “எதிர்ல உக்காரற ஆள்னா, இவரை மாதிரி ஒருத்தரா?”

“ஐயையோ, இவர் வேண்டாம்” என்றார் பேராசிரியர். “முப்பது ஒலிப்பதிவும் கேட்டேன். பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம் இவர்தான் பேசறார்.”

அறை முழுக்கச் சிரிப்பு. கடிகாரக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பதினோரு வருடத்தில் அவர் என்னைப் பற்றிக் கவனித்துச் சொன்ன முதல் விஷயம் அது. சரியாகத்தான் சொன்னார்.